மணி அடித்தாலும் ஸ்ட்ரைக், வேலை நின்றாலும் ஸ்ட்ரைக்

ஸ்ரீ கெம்பாங்கான் சாப்பாட்டுக் கடையில் யாராவது "ஸ்ட்ரைக்!" என்று துள்ளினால், அவருக்கு நாலு நம்பர் அடித்திருக்கிறது என்று அர்த்தம். என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் தெரிந்த பொருளும் அதுதான். கடிகாரம் மணி அடிப்பது, தீக்குச்சி உரசுவது, மின்னல் தாக்குவது எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல். மண்ணைத் தோண்டி ஈயம் கண்டாலும் அதே சொல்தான். அதற்கு மைன்ஸ் ஏரியைக் காட்டிவிடுவேன். உலகிலேயே பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பெயரெடுத்த ஹோங் ஃபாட் லம்பம் இருந்த இடம் அது.

வேலைநிறுத்தத்துக்கு இந்தப் பெயர் கப்பலிலிருந்து வந்தது. பாயை இறக்குவதும் ஸ்ட்ரைக்தான். 1768இல் கூலிக்காகப் போராடிய லண்டன் மாலுமிகள், துறைமுகத்தில் நின்ற கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாய் இல்லாமல் கப்பல் எப்படி நகரும்?

என் அம்மா பால்மரம் வெட்டியவர். இருட்டு விலகுமுன் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்பால் அடிப்பார்கள்; அதுவும் ஸ்ட்ரைக்தான். லயமே எழுந்து பெரட்டுக்கு ஓடும். அப்படி ஓடிய சனங்கள்தான் 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஓட மறுத்தார்கள்.

சீனத் தொழிலாளர்களைவிட அவர்களுக்குக் கூலி குறைவு. கூலியைக் கேட்டதோடு நிற்கவில்லை அவர்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்டார்கள், மருத்துவம் கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும் என்றார்கள். இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். சொந்த சைக்கிளில் உட்கார்ந்தபடி போவதற்கு ஒரு போராட்டம் தேவைப்பட்டிருக்கிறது!

கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் மே 5ஆம் தேதி கைதானார். அவரை விடச் சொல்லித் தொழிலாளர்கள் திரண்டார்கள். மே 16 அன்று சிலாங்கூரில் அவசரநிலை. அடக்குவதற்கு இந்தியப் பட்டாளத்தையே அனுப்பினார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

நம் பள்ளிப் பிள்ளைகள் லண்டன் மாலுமிகளுக்கு முன்பே இவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் பிறந்த பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த ஆண்டைப் பற்றித் தன் அப்பா அம்மா சொன்னது என்ன என்று கேளுங்கள். தோட்டத்தின் பெயரோடு எழுதி வையுங்கள்.