மாதாந்த வலியும் மலையகப் பெண்ணும்

கொழுந்து மலையில் நிர்ணயிக்கப்பட்ட கிலோவை எடுக்காத பெண்ணுக்கு அன்று அரைப்பேர்தான். மாதந்தோறும் இரண்டு மூன்று நாட்கள் அடிவயிற்று வலியால் நிமிர முடியாதவள் இழப்பது அந்தக் கூலியையே. இருந்தும், ‘பெண்ணாய்ப் பிறந்தால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்’ என்ற வார்த்தையோடு அவளது முறைப்பாடு முடிந்துவிடுகின்றது. தமிழ்க் குடும்பமாயினும் முஸ்லிம் குடும்பமாயினும் இவ்விடயத்தில் பெரிய வேறுபாடில்லை.

மாதவிடாய் வலி அனைத்தும் இயல்பானதல்ல. என்டோமெற்றியோசிஸ் எனும் நோயில், கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே சூலகம், குடல் முதலிய இடங்களில் வளர்கின்றது. இதனால் அழற்சியும் தழும்பும் உண்டாகி உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும். மாதவிடாயின்போதும், தாம்பத்திய உறவின்போதும், மலங்கழிக்கும்போதும் கடும் வலி, தீராத களைப்பு, கருத்தரிப்பதில் தாமதம் என்பன இதன் அறிகுறிகளாகும். கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 வீதமானோர், அதாவது உலகெங்கும் 19 கோடிப் பேர், இந்நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகின்றது. நோய் கண்டறியப்பட 4 முதல் 12 ஆண்டுகள் வரை செல்வதுண்டு.

இதனை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. வலிநிவாரணிகள், ஹோர்மோன் மாத்திரைகள், தேவைப்படின் சத்திரசிகிச்சை ஆகியனவே பிரதான வழிகள். இவற்றோடு அண்மைக்காலமாகப் பேசப்படுவது ஒஸ்டியோபதி. அமெரிக்க மருத்துவர் அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874இல் முன்வைத்த இம்முறையில், தசைகளையும் மூட்டுகளையும் கைகளால் அழுத்தியும் நீட்டியும் இறுக்கத்தைத் தளர்த்துவர்.

இது எவ்வாறு உதவக்கூடும்? நீண்டகால வலி இடுப்புத் தசைகளை இறுகச் செய்கின்றது. இறுகிய தசையோ வலியின் இன்னொரு மூலமாகின்றது. சரிவில் நின்று முதுகில் கொழுந்து சுமக்கும் பெண்ணுக்கு இச்சுமை இரட்டிப்பாகலாம். தசை தளர்ந்தால் வலியின் ஒரு பகுதி குறையக்கூடும். ஆனால் உள்ளே வளர்ந்த இழையத்தை எந்தக் கையும் கரைத்துவிடாது. சிறிய ஆய்வுகள் சில நிவாரணத்தைக் காட்டினாலும், ஆதாரம் போதியதாக இல்லை. மருந்தில்லா முறைகள் குறித்து நோயாளியுடன் கலந்துரையாட வேண்டும் என்று கூறும் 2022ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டி, அவற்றில் எதனையும் குறிப்பாகப் பரிந்துரைக்கவில்லை. ஆகவே இது துணைச் சிகிச்சையே, மாற்றுச் சிகிச்சையன்று.

ஒஸ்டியோபதி நிபுணரைத் தேடி ஏழைத் தொழிலாளி அலைய வேண்டியதில்லை. பெரிய அரச வைத்தியசாலைகளின் இயன்மருத்துவப் பிரிவுகளில் தசை தளர்த்தும் பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளலாம். வெந்நீர் ஒத்தடமும் ஆறுதல் தரும். பயிற்சி பெறாதவர்களிடம் வயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொள்வதைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சல், மயக்கம், மாதவிடாய் தவறிய நிலையில் கடும் வலி ஆகியன இருப்பின் உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்வது அவசியம்.

எல்லாவற்றுக்கும் முன்னர் நோய் இனங்காணப்பட வேண்டும். வலி வரும் நாட்களை நாட்காட்டியில் குறித்துவைத்து, நுவரெலியாவிலோ டிக்கோயாவிலோ உள்ள அரச வைத்தியசாலையில் காட்டலாம். ஸ்கேன் அறிக்கை சரியாக இருப்பினும் நோய் இல்லையென்று முடிவுகட்டிவிட முடியாது. கிளினிக் செல்லும் நாளும் கூலியிழப்பு நாளே என்பதால், வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமாவது வாய் திறந்து சொல்ல வேண்டும். பொறுமை நற்குணந்தான்; நோயை மறைக்கும் பொறுமையால் எவருக்கும் நன்மையில்லை.