அடுத்த வளவில் ஒரு பெரிய நாய்

அடுத்த வீட்டு நாய்க்குப் பயந்து, குறுக்கு ஒழுங்கையை விட்டுப் பிரதான வீதியால் சுற்றிச் செல்பவர்கள் எமது கிராமங்களில் பலர் உள்ளனர். பின்னேர வகுப்புக்குப் போகும் பிள்ளைகள், விடியற்காலையில் பால் கொண்டு போகும் பெண்கள், சைக்கிளில் மீன் விற்று வருபவர், தபாற்காரர் என இவர்களின் பட்டியல் நீண்டது. ஆனால் இவர்களில் எத்தனை பேர் அந்த நாயின் சொந்தக்காரரிடம் போய், தமக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்? மிகச் சிலரே.

சொல்லாமல் விடுவதற்குக் காரணங்கள் உள்ளன. வளர்ந்தவர் ஒருவர் நாய்க்குப் பயம் என்று சொல்ல வெட்கப்படுகிறார். சொன்னால் அயலவர் கோபிப்பார் என்ற தயக்கம் இருக்கிறது. நாய் இன்னமும் ஒருவரையும் கடிக்கவில்லையே, கடித்தால் பார்த்துக்கொள்வோம் என்ற எண்ணமும் இருக்கிறது. இவ்வாறு அடக்கி வைக்கப்படும் பயம் காலப்போக்கில் மனக்கசப்பாக மாறுகிறது. முதலில் வேலிப் பொட்டால் நடந்த கதை நிற்கிறது. பின்னர் நன்மை தீமைக்குப் போய் வருவது நிற்கிறது. ஒரு நாள் இரவோடிரவாக யாரோ நாய்க்கு நஞ்சு வைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு இரு குடும்பங்களும் பொலிஸ் நிலையத்தில்தான் சந்தித்துக்கொள்கின்றன.

ஆகவே, நாய் பற்றிய இந்தப் பிரச்சினை சிறியது போலத் தோன்றினாலும் அயலவர்களின் உறவையே பாதிக்கக் கூடியது. இதனைச் சற்று ஆழமாக நோக்குவோம்.

பெரிய நாய்கள் ஏன் வந்தன?

படலையடியில் படுத்திருக்கும் ஊர் நாய் எமக்குப் புதியதல்ல. ஊரில் யார் வருவார், யார் போவார் என்பது அதற்குத் தெரியும். அல்சேசன், டோபர்மன், றொட்வைலர் போன்ற பெரிய இன நாய்களோ முன்னர் பெரும்பாலும் நகரத்து வசதியான வீடுகளிலேயே காணப்பட்டன. இன்று அவை கிராமத்து வளவுகளிலும் நிற்கின்றன.

வடக்கை எடுத்துக்கொண்டால் இதற்கான காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயோதிபப் பெற்றோர் பெரிய வீட்டில் தனித்து வாழ்கின்றனர். போர் 2009இல் முடிவடைந்த பின்னர் ஊர் திரும்பிய பலருக்கு அயல் வளவுகள் ஆளில்லாப் பற்றைக் காடாகவே கிடந்தன. கூப்பிட்டால் ஓடி வர ஆளில்லாத இடத்தில் களவுப் பயம் பெரிதாகும். அந்தப் பயத்துக்குத் துணையாகவே நாய் வந்தது.

அதாவது, பெரிய நாயை வளர்ப்பவரும் ஒரு பயத்தினாலேயே அதை வளர்க்கிறார். ஒரு வீட்டின் பயத்தைப் போக்க வந்த நாய் அடுத்த வீட்டுக்குப் பயத்தைக் கொடுக்கிறது. வேலியின் இரு பக்கத்திலும் பயம் இருக்கிறது. ஆனால் ஒருவரின் பயம் மற்றவருக்குத் தெரியாது. பிரச்சினையின் வேர் இதுவே என நாம் கருதுகிறோம்.

பயத்தில் நியாயம் உண்டா?

உண்டு. பெரிய நாயின் கடி ஆழமானது. சிறு பிள்ளையின் முகமும் கழுத்தும் அதன் வாய்க்கு எட்டும் உயரத்திலேயே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக விசர்நாய்க்கடி நோய் இருக்கிறது. மனிதருக்கு இந்நோய் ஏற்படுவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அளவில் நாய்களால்தான் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

எமது நாட்டில் 1973ஆம் ஆண்டில் மாத்திரம் 377 பேர் இந்நோயினால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வேலைத்திட்டத்தினாலும், கடியுண்டவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக வழங்கப்படும் சிகிச்சையினாலும் இத்தொகை 2015 - 2020 காலப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 வரை குறைந்தது. இது பெரிய முன்னேற்றம். எனினும் தடுக்கக்கூடிய நோயினால் ஓர் உயிர் போவதும் அதிகமே.

இங்கு ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். நோய் நாயின் பருமனைப் பார்த்து வருவதில்லை. ஆண்டுதோறும் ஊசி போடப்பட்டு, மதிலுக்குள் நிற்கும் பெரிய அல்சேசனை விட, ஊசி போடப்படாமல் முற்றத்தில் பிள்ளைகளுடன் விளையாடும் குட்டி நாயால் வரும் ஆபத்து அதிகமாக இருக்கலாம். பெரிய நாயைக் கண்டு நடுங்கும் நாம், எமது வீட்டுக் குட்டிக்கு ஊசி போட்டாயிற்றா என்று பார்ப்பதில்லை.

சங்கிலியில் கட்டினால் போதுமா?

பெரிய நாயை வைத்திருப்பவர்கள் பலர், அதை நாள் முழுவதும் கட்டி வைத்திருப்பதே பாதுகாப்பு என எண்ணுகின்றனர். உண்மையில் எந்நேரமும் கட்டப்பட்டுக் கிடக்கும் நாய் மூர்க்கம் கொள்வதற்கு இடமுண்டு. பயந்தால் விலகி ஓட அதற்கு வழியில்லை, ஆகவே எதிர்க்கிறது. ஆட்களுடன் பழகவும் அது கற்றுக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட நாய் ஒரு நாள் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஒழுங்கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உறுதியான வேலியும், வளவுக்குள் நடமாட இடமும், நாளாந்தம் சொந்தக்காரருடன் சிறிது நேர நடையுமே சங்கிலியை விட நல்ல காவல்.

வாலை ஆட்டும் நாய் கடியாது என்ற நம்பிக்கையும் முழுவதும் சரியல்ல. உடல் விறைத்து, வாலை உயர்த்தி மெதுவாக ஆட்டிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்க்கும் நாய் எச்சரிக்கை தருகிறது. உறுமலும் எச்சரிக்கையே.

பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டியவை சில உண்டு. நாயைக் கண்டு ஓடக் கூடாது. ஓடினால் அது துரத்தும். கல் எடுத்து எறியக் கூடாது. கைகளை உடலோடு வைத்து, மரம் போல அசையாமல் நின்று, நாயின் கண்களைப் பாராமல் நிலத்தைப் பார்க்க வேண்டும். நாய் விலகியதும் மெல்ல நடந்து போகலாம். விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். உண்ணும் நாயிடமும், குட்டி போட்ட நாயிடமும், கட்டியிருக்கும் நாயிடமும் கிட்டப் போகக் கூடாது.

எப்படிப் பேசுவது?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தனியாக வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அல்சேசன் நாய் ஒன்றை வளர்க்கிறார். அடுத்த வளவில் எட்டு வயதுப் பெண்பிள்ளையுடன் ஒரு தாய். நாய் கேற்றில் பாய்ந்து குரைப்பதால் பிள்ளை வகுப்புக்குப் போக மறுக்கிறாள். தாய் கோபத்தோடு வீதியில் நின்று சத்தம் போடலாம். அல்லது மனதுக்குள் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பலாம். அவர் இரண்டையும் செய்யாமல் ஒரு பின்னேரம் நேரில் போகிறார்.

“ரீச்சர், குறை நினையாதேங்கோ. உங்கட நாய் ஒருத்தரையும் கடிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனா என்ர சின்னவள் அதைக் கண்டு நடுங்கிறாள். வகுப்புக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிறாள். என்ன செய்யலாம் எண்டு உங்களிட்டைக் கேப்பம் எண்டுதான் வந்தனான்.”

“பிள்ளை, நான் தனியச் சீவிக்கிறன். இது நிக்கிறபடியாத்தான் இராவில கண் மூடுறன். சின்னவள் பயப்பிடுறாள் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

இந்த இரண்டு பேச்சிலும் குற்றச்சாட்டு இல்லை. இருவரும் தத்தம் பயத்தைச் சொல்கிறார்கள். அதன் பின்னர் வழி காண்பது கடினமல்ல. பிள்ளைகள் வகுப்புக்குப் போய்வரும் நேரத்தில் நாயைப் பின்வளவில் விடலாம். கேற்றின் கொளுக்கியைத் திருத்தலாம். நாயின் தடுப்பூசி அட்டையைத் தாயிடம் காட்டலாம். விடுமுறை நாளில் ஆசிரியை நாயைப் பிடித்திருக்க, பிள்ளை தூரத்தில் நின்று பார்த்துப் பழகலாம். பிள்ளையின் பயம் முற்றாகப் போகாமல் இருக்கலாம். ஆனால் அவள் ஒழுங்கையால் போய்வருவாள். அது பெரிய காரியம்.

தாயும் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம். “இரவில் ஏதும் எண்டால் கூப்பிடுங்கோ, நாங்கள் வருவம்” என்று சொல்லலாம். அந்த ஒரு சொல் நாய் தரும் காவலுக்கு மேலான காவல்.

நாய் வளர்ப்போரின் கடமைகள்

1. ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, அட்டையைப் பத்திரமாக வைத்திருத்தல். ஊசி போடும் நாள் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம்.

2. பிரதேச சபையில் நாயைப் பதிவு செய்தல். நாய்களைப் பதிவு செய்வதற்கான கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டு தொடக்கம் எமது நாட்டில் உள்ளது.

3. வேலியில் பொட்டுகள் இல்லாமலும், கேற் தானாகத் திறவாமலும் பார்த்துக்கொள்ளல்.

4. குட்டிகளைச் சந்தையடியிலோ வயல்வெளியிலோ கொண்டுபோய் விடாது, கருத்தடை செய்வித்தல்.

5. வேடிக்கைக்காகவும் ஆட்கள் மீது “சூ” காட்டி ஏவாதிருத்தல்.

பேச்சு பயன் தராவிட்டால்

எல்லா அயலவரும் அந்த ஆசிரியையைப் போல இருப்பதில்லை. இரண்டு மூன்று முறை பேசியும் பயனில்லையெனில், இருவரும் மதிக்கும் ஒரு பெரியவரையோ கிராம அலுவலரையோ நாடலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட மத்தியஸ்த சபைகள் இவ்வாறான பிணக்குகளுக்குப் பொருத்தமானவை. அங்கு தீர்ப்பு வழங்கப்படுவதில்லை. இரு தரப்பும் இணங்கும் முடிவே தேடப்படுகிறது. நாயினால் காயமோ நட்டமோ ஏற்பட்டால் சொந்தக்காரரிடம் நட்டஈடு கோரவும் எமது நாட்டில் வழக்கிலுள்ள உரோமன் டச்சுச் சட்டத்தில் இடமுண்டு.

நஞ்சு வைப்பது மட்டும் ஒருபோதும் தீர்வாகாது. அது சட்டப்படி குற்றம். கோழி, பூனை, சில வேளை பிள்ளை கூட அந்த நஞ்சுக்குப் பலியாகலாம். தெருநாய்களைக் கொல்லும் பழைய முறையை அரசாங்கமே 2006இல் கைவிட்டு, தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் முதலிடம் கொடுத்தது.

கடித்துவிட்டால்

காயத்தை உடனடியாகச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், கோப்பித்தூள், பச்சிலை எதனையும் பூசக் கூடாது. கீறல் சிறிதாக இருந்தாலும் அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பல ஊசிகள் போடுவார்கள் என்று பயந்து பின்நிற்பவர்கள் இன்றும் உள்ளனர். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது ஊசி கையில் போடப்படுகிறது. ஊசிகளை இடையில் நிறுத்தாது, வைத்தியர் சொன்ன நாட்களில் போட்டு முடிக்க வேண்டும்.

கடித்த நாயை ஆத்திரத்தில் அடித்துக் கொல்லக் கூடாது. அதைக் கட்டி வைத்து 14 நாட்கள் வரை அவதானித்தால், அதற்கு நோய் உண்டா இல்லையா என்பது தெரியவரும். ஆனால் அதுவரை காத்திராமல் வைத்தியரிடம் சென்றுவிட வேண்டும். இந்த இடத்திலும் அயலுறவு உயிர் காக்கிறது. பேச்சுவார்த்தை உள்ள வீட்டார் நாயின் தடுப்பூசி அட்டையை உடனே எடுத்துத் தருவார்கள். பேச்சில்லாத வீட்டாரோ நாயை ஒளித்துவிடுவார்கள்.

எனவே, கடிக்கும் வரை காத்திராமல், பயம் தோன்றிய அன்றே படலையைத் தட்டுவோம். நாய் வளர்ப்பவர்களாயின், அயலவர் வந்து சொல்லும் வரை பார்த்திராமல், “எங்கட நாயால உங்களுக்குக் கரைச்சல் ஏதும் உண்டோ?” என்று நாமே முதலில் கேட்போம்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் நாய்ப் பயத்தால் மக்கள் தவிர்க்கும் ஒழுங்கைகள் எவை? அதனால் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் யார்?

2. எமது வட்டாரத்தில் எத்தனை நாய்களுக்கு இவ்வாண்டு தடுப்பூசி போடப்பட்டுள்ளது? இதனை மாதர் சங்கமோ இளைஞர் கழகமோ எவ்வாறு கணக்கெடுக்கலாம்?

3. தனித்து வாழும் முதியவர்களின் இரவுப் பயத்தைக் குறைக்க அயலவர்களாகிய நாம் என்ன செய்யலாம்?