இரவு பத்து மணிக்குச் சேரிக்குள் போவது யார்?



பொது சுகாதாரத்தை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்வது என்றால் என்ன என்று விளக்கச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். நாம் டாக்டர்கள் அல்ல, சமூகவியல் படித்தவர்கள். ஆகவே நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து, கும்பகோணத்து யானைக்காலிலிருந்து தொடங்குகிறோம்.

யானைக்காலைப் பரப்பும் கியூலக்ஸ் கொசு பெரும்பாலும் தேங்கிய அழுக்குத் தண்ணீரில்தான் பெருகுகிறது. ஒரு கடியில் நோய் வந்துவிடாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கடிபட வேண்டும். அதனால் ஒருவர் எங்கே படுத்துறங்குகிறார் என்பது முக்கியமாகிறது. டெல்டாவில் ஊர்க் கழிவுநீர் எந்தப் பக்கம் வடிகிறது, சேரி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கிரகாரத்துக் கால்களும் வீங்கின, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கால்கள் நாள் முழுக்க நடவுச் சேற்றில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

இந்த நோயின் நுண்புழு பகலில் இரத்தத்தில் அநேகமாகத் தென்படாது. இரவு பத்து மணிக்கு மேல்தான் வெளியே வரும். ஆகவே கணக்கெடுக்கும் குழு இரவில் வீடு வீடாகப் போய் விரலில் குத்தி இரத்தம் எடுக்க வேண்டும். நாம் மாணவர்களாக இருந்தபோது, ஒரு குழு குடியானத் தெருவோடு வேலையை முடித்துக்கொண்டு திரும்பியதைப் பார்த்தோம். சேரியில் விளக்கில்லை என்றார்கள். அன்று இரவு சேரியில் நோயாளி யாரும் இல்லை என்று பதிவேடு சொல்லியிருக்கும்!

1996-இல் தமிழகத்தின் சில பகுதிகளில் தொடங்கி, 2004 முதல் நாடளவில், ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் டி.இ.சி. மாத்திரை கொடுத்தார்கள். அது புழுவைக் குறைக்கும், வீங்கிய காலைப் பழையபடி ஆக்காது. அந்தக் காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் ஒற்றி, உயர்த்தி வைக்க வேண்டும். நடவுக்குப் போகும் அக்காவிடம் இதை யார் சொல்வது? சொன்னாலும் நல்ல தண்ணீர் எங்கே?

இந்தக் கேள்விகளிலிருந்து ஒரு வாழ்க்கையையே அமைத்துக்கொண்ட இருவர் வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர்கள், ரஜனிகாந்த் ஆரோலேயும் மேபல் ஆரோலேயும். மகாராஷ்டிரத்தில் ஒரு மிஷன் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, குணமாகிப் போனவர்களே அதே நோயோடு திரும்பி வருவதைக் கண்டார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொது சுகாதாரம் படித்துவிட்டு, 1970-இல் வறட்சிப் பகுதியான ஜாம்கேட்டுக்கு வந்தார்கள். ஆழ்துளைக் கிணறுகளைத் தலித் குடியிருப்புகளில் போடும்படி பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் ஊர் அங்கே வந்தாக வேண்டும். தீண்டாமை பற்றி ஆயிரம் கூட்டம் போட்டும் நடக்காத ஒன்றை ஒரு கைப்பம்பு தொடங்கி வைத்தது.

முதலில் பயிற்சி பெற்ற செவிலியர்களைத்தான் அனுப்பினார்கள், கிராமத்தில் அது எடுபடவில்லை. பிறகு ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பலர் தலித்துகள். பயிற்சிக்கு வரும்போது எல்லாச் சாதிப் பெண்களும் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் படுத்தார்கள். பிரசவம், குழந்தையின் எடை, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லாம் அவர்கள் கைக்கு வந்தன. 1971-இல் ஆயிரத்துக்கு 176 என்றிருந்த குழந்தை இறப்பு 1976-இல் 52 ஆனது என்பது ஜாம்கேட் திட்டத்தின் கணக்கு. 1979-இல் இருவருக்கும் மகசேசே விருது கிடைத்தது. விருது டாக்டர்களுக்குத்தான் வந்தது என்பதையும் நாம் கவனிக்கத்தான் வேண்டும்.

தமிழகத்தில் நிலைமை வேறு. 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் கண்ட மாநிலம் இது, தனி இயக்குநரகமே உண்டு. டாக்டர் ஒருவர் இதில் மாவட்டம், மாநிலம் என்று ஏறிப் போகலாம். 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில், சுய உதவிக் குழுப் பெண்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பெயர் தன்னார்வலர், கிடைப்பது ஊக்கத்தொகை. அவர் ஏறிப் போக ஏணி எங்கே இருக்கிறது?

எம்.பி.பி.எஸ். படிக்காதவர்களும் சேரக்கூடிய பொது சுகாதார முதுநிலைப் படிப்புகள் உண்டு. சமூகவியல், சமூகப்பணி படிக்கும் நம் பிள்ளைகள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகவே இருபது வருடம் ஓட்டிவிட்டு, திட்ட அறிக்கையை வேறொருவர் எழுதப் பார்த்துக்கொண்டிருப்பது போதும்.

வரும் சம்பா நடவுக்கு முன்னால், வீங்கிய கால்களோடு வயலுக்குப் போகிறவர்களின் வீடுகளுக்கு வாளியும் சோப்பும் துண்டுமாகப் போக மன்றம் முடிவு செய்திருக்கிறது. இரவிலும் போவோம். வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள தோழரிடம் பெயர் கொடுங்கள். டார்ச் லைட்டை மட்டும் அவரவரே கொண்டுவர வேண்டும்.