மின்கிடாருக்கும் மேளம் கட்ட வேண்டும்

ஆண்டுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும் நம் சங்கத்துக் குடும்பங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை எலக்ட்ரிக் கிடார் கேட்கிறான். எதை வாங்கிக் கொடுப்பது?" என் பிள்ளைகள் இருவரும் கிடார் வாசிப்பவர்கள். அவர்களுக்காகத் திருப்புளியும் ஆலன் சாவியும் பிடித்துப் பழகியவன் என்பதால், மட்டாஞ்சேரியில் அந்தக் கேள்வி பெரும்பாலும் என்னிடம் வந்து சேர்கிறது. நான் வித்வான் அல்லன். பலருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

"இந்தச் சத்தமெல்லாம் நமக்கு எதற்கு?" என்று கேட்கும் தாத்தா பாட்டிகளுக்கு முதலில் ஒரு வார்த்தை. யு. ஸ்ரீநிவாஸ் மின் மேண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசிக்க வந்தபோதும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். பிறகு சபாக்கள் அவரைக் கொண்டாடின. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த நம் 'கிடார்' பிரசன்னா மின்கிடாரில் கீர்த்தனைகள் வாசிக்கிறார். நாம் பிழைக்க வந்த இந்தக் கொச்சியும் கிடாருக்குப் பேர் போன ஊர்தான். '13 ஏடி' என்ற ராக் குழு இங்கிருந்து கிளம்பி 1990-ல் 'கிரவுண்ட் ஜீரோ' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. 1996-ல் தொடங்கிய 'மதர்ஜேன்' குழுவில் பைஜு தர்மஜன் வாசித்த கிடாரில் நம் கமகத்தின் சாயலைக் கேட்கலாம். 2008-ல் வந்த அவர்களுடைய 'மக்தூப்' ஆல்பமே சாட்சி.

இனி விலைக்கு வருவோம். நடுத்தர விலை என்று நான் சொல்வது 20,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாய் வரை. யமஹாவின் பசிபிகா வரிசை, ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்கொயர், கிப்சன் நிறுவனத்தின் எபிஃபோன், ஐபனெஸ் ஆகியவற்றில் இந்த அளவில் நல்ல கருவிகள் கிடைக்கும். கையில் இருக்கும் பணம் முழுவதையும் கிடாரிலேயே போட்டுவிடாதீர்கள். சிறிய ஆம்ப்ளிஃபயர், வயர், பை, மாற்றுக் கம்பிகள், செட்டப் கூலி இவற்றுக்கும் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கடையில் நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கிடாரைக் கண்ணுக்கு நேரே துப்பாக்கி போலப் பிடித்து, தண்டி முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வீணையில் மெட்டு என்கிறோமே, அதைத்தான் கிடாரில் ஃப்ரெட் என்கிறார்கள். தண்டியின் ஓரமாக விரலை ஓட்டினால் மெட்டின் முனை கீறக் கூடாது. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டச் சொல்லுங்கள். எங்காவது ஊமையாகிறதா, கரகரக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

குதிரையில் இரண்டு வகை உண்டு. கைப்பிடி வைத்து ஆட்டக்கூடிய குதிரை பிள்ளைகளுக்கு ஆசை காட்டும். ஆனால் ஸ்பிரிங்கில் மிதக்கும் குதிரையில் ஒரு கம்பியை இழுத்தால் மற்றக் கம்பிகளின் சுருதி இறங்கும். கமகம் பழக நினைக்கும் பிள்ளைக்கு அசையாத குதிரையே நல்லது. ஒலியை வாங்கும் பிக்கப்பிலும் இரண்டு வகை. ஒற்றைச் சுருள் பிக்கப்பின் ஒலி தெளிவாக இருக்கும், ஆனால் மின்சாரத்தின் 'ம்ம்' என்ற இரைச்சலையும் சேர்த்து வாங்கும். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் அந்த இரைச்சலை அடக்கும். ஓசை தடித்திருக்கும்.

இத்தனையும் பார்த்து வாங்கினாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. வீணை வாங்கியவர்களுக்குத் தெரியும், 24 மெட்டுகளையும் மெழுகில் சரியாகப் பதித்து மேளம் கட்டினால்தான் அது வீணை. கிடாருக்கும் அப்படி ஒரு வேலை உண்டு. அதைத்தான் செட்டப் என்கிறார்கள். தொழிற்சாலையில் செய்த சரிசெய்தல், கப்பலிலும் கிடங்கிலும் மாதக்கணக்கில் கிடந்து நம் கைக்கு வரும்போது மாறிப்போயிருக்கும்.

சென்ற ஆண்டு பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. 12 வயதுப் பெண் ஆறு மாதமாகக் கிடார் கற்றுக்கொண்டிருந்தாள். "அண்ணே, இவளுக்கு வராது போலிருக்கு. தொட்டாலே விரல் வலிக்குதுன்னு அழறா. வித்துடலாமா?" என்று கேட்டார் அவள் அம்மா. பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தேன். 12-ஆவது மெட்டுக்கு மேல் தடித்த கம்பி மூன்று மில்லிமீட்டருக்கும் அதிக உயரத்தில் நின்றது. பெரியவர்கள் விரலே நோகும், குழந்தை என்ன செய்வாள்? கம்பியை மாற்றி, உயரத்தைக் குறைத்துக் கொடுத்தேன். அடுத்த பொங்கல் விழாவில் நம் மேடையில் ஒரு பாட்டு முழுவதும் அந்தப் பெண் வாசித்தாள். முன்பு அவளுக்கு வராததற்குக் காரணம் அந்த மூன்று மில்லிமீட்டர்தான்.

செட்டப்பை வீட்டிலேயே செய்ய விரும்புவோர் இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் கம்பி. புதிதாகப் பழகுபவருக்கு 9-லிருந்து 42 வரை உள்ள மெல்லிய செட் போதும். இந்த எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிப்பவை. மெல்லிய கம்பி இழுத்து வாசிக்கவும் இணங்கிக் கொடுக்கும். மாட்டியதும் சுருதி சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது தண்டி. ஒரு கம்பியை முதல் மெட்டிலும், தண்டி உடலோடு சேரும் இடத்து மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவே 7 அல்லது 8-ஆவது மெட்டுக்கும் கம்பிக்கும் இடையே சுமார் கால் மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. இடைவெளி அதிகமானால் தண்டிக்குள் இருக்கும் இரும்புக் கம்பியின் திருகை வலப்பக்கம் முடுக்க வேண்டும். குறைவானால் இடப்பக்கம் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இறுக்கமாக இருந்தால் பலத்தைக் காட்டாமல் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது உயரம். குதிரையின் சிறு திருகுகளைத் திருப்பி, 12-ஆவது மெட்டில் தடித்த கம்பிக்கு 2 மில்லிமீட்டரும் மெல்லிய கம்பிக்கு ஒன்றரை மில்லிமீட்டரும் வையுங்கள். அதற்கும் கீழே இறக்கினால் கம்பி மெட்டில் உரசும். கமகத்துக்காக இழுக்கும்போது ஓசை அறுந்துபோகும்.

நான்காவது சுருதி சுத்தம். 12-ஆவது மெட்டுக்கு நேர் மேலே கம்பியை மெல்லத் தொட்டு மீட்டுங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். கைப்பேசி டியூனரில் பார்க்கலாம். அழுத்திய சுரம் ஏறி நின்றால் அந்தக் கம்பியின் குட்டிக் குதிரையைப் பின்னே தள்ளுங்கள்; இறங்கி நின்றால் தண்டியை நோக்கி நகர்த்துங்கள்.

கடல்காற்று வீசும் மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. இடவப்பாதி மழை தொடங்கினால் இங்கே காற்றின் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். மரம் ஈரத்தைக் குடித்துத் தண்டி அசையும். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். வாசித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். சுவரில் மாட்டாமல், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பையில் வையுங்கள். ஜூனில் ஒரு முறையும், காற்று உலர்ந்திருக்கும் ஜனவரியில் ஒரு முறையும் மேற்சொன்ன நான்கையும் சரிபாருங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் உயிர். மின்கிடாரின் கம்பிகள் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்தவை. இங்குள்ள பழைய வீடுகள் பலவற்றில் மூன்று துளை பிளக் இருந்தாலும் எர்த் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்த பிறகே பிள்ளை கையில் கிடாரைக் கொடுங்கள். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் வாசிக்க விடாதீர்கள்.

ஊரை விட்டு வந்து சம்பாதிக்கும் நமக்கு 30,000 ரூபாய் சிறிய தொகை அல்ல. அதைச் செலவழித்த பிறகு "பிள்ளைக்குக் கை வரவில்லை" என்று கிடாரை அலமாரிக்கு மேலே ஏற்றும் முன், ஒரு ஸ்கேலை எடுத்துக் கம்பியின் உயரத்தை அளந்து பாருங்கள். அளக்கத் தெரியாதவர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் கிடாரோடு நம் வீட்டுக்கு வரலாம். காபியும் உண்டு.