நகரசபைக்கு ஒரு மகஜர்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில், நமது காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள ஒரு நகரத்துச் சங்கத்திற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். ஊரின் பெயர் இங்கே வேண்டாம். விஷயம் எந்த ஊருக்கும் பொருந்துவதே. பதிவேடுகளைப் பார்த்து முடித்து எழுந்திருக்கும் நேரத்தில், சங்கத்துத் திண்ணையில் இருபது பேர் வரை வந்து அமர்ந்துவிட்டனர். சாயப்பட்டறை நடத்துவோர், பாத்திரப் பட்டறையார், செக்கெண்ணெய் ஆட்டுவோர், நெல் அரவை மில் வைத்திருப்பவர் எனப் பலரும் இருந்தனர். அவர்களோடு நெசவாளர் சிலரும் குடியானவர் சிலரும் வந்திருந்தனர். நகரசபை தொழில் உரிமக் கட்டணத்தை உயர்த்தி அறிவிப்பு அனுப்பியிருந்தது. சாயக்கூலி ஏறினால் சேலையின் அடக்கவிலை ஏறும். அரவைக்கூலி ஏறினால் விளைவித்தவனே தன் அரிசிக்கு அதிகம் கொடுக்க வேண்டும். ஆகவே அறிவிப்பு யாருக்கு வந்திருந்த போதிலும் அதன் பாரம் எல்லோர் தலையிலும் இறங்குவதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

சங்கத்தின் காரியதரிசி ஒரு மகஜர் தயாரித்து வைத்திருந்தார். பரம ஏழைகளாகிய நாங்கள் என்று தொடங்கி, கருணை கூர்ந்து உயர்வை ரத்து செய்ய வேண்டும் என்று முடிந்தது. அதைத் திருத்தித் தருமாறு என்னைக் கேட்டனர். அரசாங்க ஊழியன் பிறருக்காக மகஜர் எழுதுவது முறையன்று. ஆனால் கணக்குக் கேட்பது என் பழக்கம். “சென்ற வருஷம் அவரவர் எவ்வளவு கட்டினீர்கள்? ரசீதுகளைக் கொண்டு வாருங்கள்” என்றேன்.

அரைமணி நேரத்திற்குப் பின் ஏழு பேர் மட்டுமே ரசீதுடன் திரும்பினர். அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒரு செய்தி வெளிப்பட்டது. ஒரே தெருவில், ஒரே அளவான இரண்டு சாயப்பட்டறைகள்; ஒன்று கட்டியதைப்போல் ஒன்றரை மடங்கு மற்றொன்று கட்டியிருந்தது. பட்டறைக்காரர்கள் இருவரும் பங்காளிகள். இருவருக்கும் அன்றுதான் இது தெரிய வந்தது. அதிகம் கட்டியவர் வயதில் மூத்தவர். “ஐயா, இன்னது என்று ஒரு கணக்குச் சொன்னால் கடன்பட்டாவது கட்டிவிடுவோம். ஆளுக்கொரு கணக்கு என்றால் யாரிடம் போய் நிற்பது?” என்றார்.

அவருடைய வார்த்தை எனக்கு ஒரு கல்வெட்டை நினைவூட்டியது. பாபநாசம் வட்டத்தைச் சேர்ந்த திருவைகாவூர்க் கோயிலில் அது இருக்கிறது. 1429ஆம் ஆண்டு, விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்தில் வெட்டப்பட்டது. அக்காலத்தில் இந்நாட்டுக் குடிகள் வலங்கை 98, இடங்கை 98 எனப் பிரிந்து கிடந்தனர். பொதுவாகப் பயிர்த்தொழிலைச் சார்ந்தோர் ஒருபுறமும் கைத்தொழிலாளரும் வணிகரும் மறுபுறமும் நின்றனர் எனலாம். இப்பிரிவு எங்கும் ஒரே சீராக இருந்ததன்று. விருதுக்கும் கொடிக்கும் தெருவில் ஊர்வலம் போகும் உரிமைக்கும் இவ்விரு பிரிவாரும் பிற்காலத்தில் அடித்துக்கொண்ட கதைகள் ஏராளம். அத்தகையோர் அவ்வாண்டில் ஒரே இடத்தில் கூடினர்.

அவர்கள் பதிவு செய்திருக்கும் செய்தியின் சாரம் இது. விளைச்சலுக்குத் தக்கபடி முறையாக வரி வாங்காமல், அநியாயமாக வாங்கினார்கள். ஊரைவிட்டு ஓடிப்போகவும் துணிந்தோம். பிறகு எண்ணிப் பார்த்தோம். மண்டலத்தார் ஒன்றுபடாதிருந்தமையே இந்தத் தீங்குக்கு இடமாயிற்று. இனி முறைப்படி உள்ளதை மட்டுமே இறுப்போம், முறையற்றதை இறுக்கமாட்டோம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வரியே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, இரக்கமும் கேட்கவில்லை. விகிதம் கேட்டார்கள். மாயவரத்தை அடுத்த கொறுக்கையில் அதே ஆண்டைச் சேர்ந்த மற்றொரு கல்வெட்டில், நிலத்திற்கு இவ்வளவு, இன்னின்ன தொழிலுக்கு இவ்வளவு என்று அந்த விகிதங்களே வெட்டப்பட்டிருக்கின்றன. விருத்தாசலத்திலும் இவ்வியக்கத்தைச் சேர்ந்த கல்வெட்டு உண்டு. வரி தண்டிய அதிகாரிகளோடு, அவர்களுக்கு உடந்தையாயிருந்த உள்ளூர்க் காணியாளர் மீதும் இக்கல்வெட்டுகள் குறை கூறுகின்றன. வரிச்சுமையை எப்போதும் வெளியூரான் மட்டுமே கொண்டு வருவதில்லை என்பது அன்றைக்கும் தெரிந்திருந்தது போலும்.

தொழில்களின் மீது வரி என்பது அதற்கும் பழையது. சோழர் கல்வெட்டுகளில் தறியிறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம் என்ற பெயர்களைக் காண்கிறோம். கும்பினியார் ஆட்சியில் அதுவே மொதுர்பா என்ற பெயரில் தறியின் மீதும் கடையின் மீதும் கைவினைஞரின் கருவிகள் மீதும் விழுந்தது. 1852இல் கஜுல லட்சுமிநரசு செட்டியார் முதலியோர் சென்னையில் நிறுவிய சுதேசிகள் சங்கம், பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு ஒரு நீண்ட மனு அனுப்பியது. தொழிலாளி கையாளும் அற்பக் கருவியின் விலையைப்போல் ஆறு மடங்குகூட அதற்குரிய வரி ஆகிவிடுகிறது என்று அம்மனு எடுத்துக்காட்டியது. வரியின் அளவு தண்டுவோரின் மனப்போக்கை ஒட்டியிருந்தமையால் விசாரணை என்ற பெயரில் கொடுமைக்கு எல்லையில்லை என்றும் கூறியது. ஆறு மடங்கு என்ற அந்த ஒரு கணக்கு, பத்துப் பக்கப் புலம்பலைவிட வலியது. 1861இல் மொதுர்பா ஒழிந்தது. மனு ஒன்றினால்தான் ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன்; மனுவில் கணக்கு இருந்தது என்று மட்டும் சொல்வேன்.

தஞ்சையும் குடந்தையும் 1866இல் நகரசபைகளாயின. இவற்றில் தஞ்சை 2014இலும் குடந்தை 2021இலும் மாநகராட்சிகளாக உயர்ந்தன. நீண்ட காலம் நகரசபைகளை நடத்தி வந்தது 1920ஆம் ஆண்டின் ஜில்லா முனிசிபாலிட்டிகள் சட்டம். அதன் 249ஆம் பிரிவும் ஐந்தாம் அட்டவணையும் எந்தெந்தத் தொழில்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று வகுத்தன. நெல் அவிப்பதும் இயந்திரத்தால் குத்துவதும் அதில் அடங்கியிருந்தன. இப்போது அச்சட்டம் போய், 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023ஆம் ஆண்டின் விதிகளும் நடைமுறையில் உள்ளன. இதற்கிடையே 2022இல் சொத்து வரியும் உயர்ந்தது; தொழிற்கட்டடங்களுக்கு நூற்றுக்கு 75, வணிகக் கட்டடங்களுக்கு நூற்றுக்கு 100. திண்ணையில் இருந்தவர்கள் இவ்வெல்லாவற்றையும் ‘நகரசபைப் பணம்’ என்று ஒரே பெயரில் சொன்னார்கள். அப்படிச் சொல்லும்வரை மகஜர் உருப்படாது.

தொழில் வரி வேறு, உரிமக் கட்டணம் வேறு. தொழில் வரிக்கு அரசியல் சட்டத்தின் 276ஆம் ஷரத்து ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 250 ரூபாயாக இருந்த அவ்வரம்பு 1988இல் 2,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கட்டணத்தின் தன்மையோ வேறு. 1954இல் சிரூர் மடத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட், கட்டணம் என்பது ஒரு குறிப்பிட்ட சேவைக்கு ஈடாக வாங்கப்படுவது என்று விளக்கியது. ஒவ்வொரு ரூபாய்க்கும் துல்லியமான ஈடு காட்ட வேண்டியதில்லை, பொதுவான பொருத்தம் இருந்தால் போதும் என்று பிற்காலத் தீர்ப்புகள் இதைத் தளர்த்தியிருக்கின்றன. அப்படியிருந்தும், சாயக்கழிவு நீர் ஓடும் சாக்கடையைத் தூர்வாரி எத்தனை நாளாயிற்று என்று கட்டணம் செலுத்துகிறவன் கேட்பது வீண்கேள்வி ஆகிவிடாது.

இவ்வளவும் பேசி முடிக்க விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. மகஜரை நான் தொடவில்லை. காரியதரிசியே அன்றிரவு புதிதாக எழுதினார். பரம ஏழைகள் போய்விட்டனர். ஏழு ரசீதுகளின் நகல்கள் இணைக்கப்பட்டன. தொழில்வாரியாக விகிதப் பட்டியலைத் தமிழில் வெளியிட வேண்டும், ஒரே அளவுள்ள பட்டறைகளுக்கு ஒரே தொகை விதிக்க வேண்டும், முன்னர் அதிகம் வாங்கியதை அடுத்த ஆண்டுக்கு வரவு வைக்க வேண்டும், இவை கோரிக்கைகள். கட்டண உயர்வைப் பாதியாகக் குறைக்குமாறும் கேட்டிருந்தனர். முழுவதும் ரத்து என்று கேட்க வேண்டும் எனச் சிலர் பிடிவாதம் செய்ததாகவும், அதன்பொருட்டு இருவர் கையெழுத்திடவில்லை என்றும் பின்னர் அறிந்தேன். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. அரவை மில் ஆண்டில் பாதி நாள் சும்மா கிடக்கிறது.

தை மாதத்தில் மீண்டும் அவ்வூருக்குப் போயிருந்தேன். உயர்வு குறையவில்லை. பட்டியல் மட்டும் நகரசபை அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. சாயப்பட்டறைகள் இரண்டுக்கும் இப்போது ஒரே தொகைதான். குறைவாகக் கட்டி வந்தவருக்கு அது ஏறியிருக்கிறது. “அண்ணனுக்கு இறங்கியது எனக்கு ஏறிவிட்டது, சார்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும், முகத்தில் வருத்தம் தெரிந்தது. பழைய பணத்தை வரவு வைக்கும் கோரிக்கைக்கு இன்னும் பதில் இல்லை. சங்கத்தின் இரும்புப் பெட்டியில் புதிதாக ஒரு பேரேடு இருந்தது. அங்கத்தினரின் ரசீது எண்களைக் காரியதரிசி அதில் பதிந்து வருகிறார். ஐந்து பேருடைய பக்கங்கள் காலியாக இருந்தன. அவர்கள் ரசீதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.