உத்தரவு போட்டது யாரு சார்?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கிரிக்கெட் பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா? இந்தியா தோற்றால் பதினோரு பேரையும் திட்டமாட்டார்கள். "டாஸ் ஜெயிச்சு எதுக்குய்யா பௌலிங் எடுத்தான்?" என்று கேப்டன் சட்டையைத்தான் பிடிப்பார்கள். ஆபீஸிலும் அதே கதைதான். "ரெண்டே நாள்ல முடிச்சிடலாம் சார்" என்று மேலிடத்தில் தலையாட்டிவிட்டு வருபவர் மேனேஜர். ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து முழிப்பது நாம்!

நமக்குப் போவது ஒரு ராத்திரித் தூக்கம். பட்டாளத்தில்?

1987 ஜூலை 29-ல் ராஜீவ்-ஜெயவர்த்தனே ஒப்பந்தம். அமைதி காக்கப் போன இந்தியப் படை, அக்டோபரில் புலிகளோடு சண்டையில் இறங்கியது. 'ஆபரேஷன் பவன்' என்று பெயர். அக்டோபர் 11 நள்ளிரவு, யாழ்ப்பாணம் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டர்கள் இறங்கின. பக்கத்தில்தான் புலிகளின் தலைமையகம். தலைவர்களைக் கொத்தாகப் பிடித்துவிட்டால் சண்டையே முடிந்தது என்பது கணக்கு.

கணக்கு ஆரம்பத்திலேயே உதைத்தது. ரேடியோ பேச்சை ஒட்டுக்கேட்டு, புலிகள் துப்பாக்கியோடு காத்திருந்தார்கள். பாரா கமாண்டோக்கள் இறங்கினார்கள். பின்னால் சீக்கியக் காலாட்படையின் 30 பேர் இறங்கினார்கள். அதற்குள் ஹெலிகாப்டர்களில் குண்டு பாய, மற்றவர்களைக் கொண்டுவருவது நின்றுபோனது. அந்த 30 பேர் தனியாக மாட்டிக்கொண்டார்கள். விடிந்தும் சண்டை. தோட்டா தீர்ந்த பிறகு மிச்சமிருந்தவர்கள் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்தார்கள். 29 பேர் பலி. பிழைத்தவர் ஒரே ஒருவர்; அவரும் கைதி. கமாண்டோக்களில் 6 பேர் பலி. சாலையெல்லாம் கண்ணிவெடி என்பதால், ரயில் தண்டவாளத்தின் மேலேயே டாங்கியை ஓட்டிப்போய் மற்ற கமாண்டோக்களை மீட்டார்கள்!

ஆளுக்கொரு புத்தகம்

சரி, தப்பு யாருடையது? இங்கேதான் வேடிக்கை.

தலைமைத் தளபதி சுந்தர்ஜி, நம்ம செங்கல்பட்டில் பிறந்தவர். மூளைக்காரர் என்று பெயர் வாங்கியவர். டாங்கிப் படையை நவீனமாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. "ராஜஸ்தான் மணலில் டாங்கிப் போர் நடத்தத் தெரிந்தவருக்கு, யாழ்ப்பாணத்துப் பனைவேலிச் சந்து புரியவில்லை. சில வாரத்தில் முடித்துவிடலாம் என்று நம்பிவிட்டார்" என்பது விமர்சகர்கள் வாதம்.

ஒட்டுமொத்தப் படைக்கும் தளபதியாக இருந்த தீபிந்தர் சிங், "புலிகளோடு மோதினால் நீண்ட காலக் கொரில்லாச் சண்டையில் மாட்டுவோம் என்று எச்சரித்தேன்" என்ற பொருளில் புத்தகம் எழுதினார். களத்தில் இருந்த 54-வது டிவிஷன் தளபதி ஹர்கிரத் சிங்கும் எழுதினார். அவர் விரல் டெல்லியையும், தூதராக இருந்த தீட்சித்தையும் நோக்கியே நீண்டது. அந்தப் புத்தகம் வந்தபோது சுந்தர்ஜியும் இல்லை, தீட்சித்தும் இல்லை. தீட்சித் தன் பங்குக்கு 1998-லேயே ஒரு புத்தகம் எழுதி வைத்துவிட்டார்!

ஆளாளுக்குச் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உளவுத் தகவல் சரியில்லை. சந்து பொந்து தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அவசரம். ஆனால் "நான் சொன்னேன், கேட்கவில்லை" என்கிற வரியை எழுதியவர்கள், "சொன்னதோடு விட்டுவிட்டேன், அது என் தப்பு" என்ற வரியை எழுதினார்களா? அந்த 29 பேருக்கோ புத்தகம் எழுத ஆயுசே இல்லை.

அந்தப் பக்கமும் பாருங்கள். அதே மாதம் 21-ம் தேதி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை சுட்டதில் டாக்டர், நர்ஸ், நோயாளி என்று 60 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்கள் எந்தப் படையிலும் சேராதவர்கள். மேலே போட்ட கணக்கு தப்பினால், கீழே சாவது இரண்டு பக்கமும்தான்.

1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜவான்களைக் காணோம். சென்னையில் வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை; தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்றார். போகச் சொன்னது யாரோ... திட்டு வாங்கியது போனவன்!

நம்ம மலைக்கோட்டை மேலே ஏறிப் பாருங்கள். சுற்றுப்பட்டுச் சமவெளி முழுக்கத் தெரியும். அந்தக் காலத்துக் கோட்டைத் தளபதி எதிரியைத் தன் கண்ணால் பார்த்து உத்தரவு போட்டான். தப்பினால் அவன் தலையும் போகும். டெல்லி மேஜையில் இருந்த வரைபடத்தில் எந்தச் சந்தும் திருப்பிச் சுடவில்லை.

திண்டுக்கல்லிலிருந்து கொஞ்ச தூரத்தில் தோட்டனூத்து. இலங்கைத் தமிழர் முகாமுக்கு 2022-ல் 321 புது வீடுகள் திறந்தார்களே, அந்த ஊர்தான். அந்த ஊர் டவுன் பஸ்ஸில், ஓய்வுபெற்ற ஒரு ஜவானும் முகாமுக்குப் போகும் ஒரு அம்மாவும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்காரலாம். 1987-ல் அவர்கள் இரண்டு பேரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த முறை உங்கள் மேனேஜர் "ரெண்டே நாள்ல முடிச்சிடலாம்" என்று தலையாட்டும்போது, பக்கத்தில் இருந்தால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள் சார்: "முடியாது!" புத்தகம் அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.