காய் வெந்த பிறகே புளி: படக்கதை எப்படி வேலை செய்கிறது?

சாம்பாரில் கேரட்டை முதலில் போட்டாலும் பீன்ஸை முதலில் போட்டாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் காய் வேகும் முன்பே புளியைக் கரைத்து ஊற்றினால், அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் காய் நறுக்கென்றுதான் இருக்கும். வரிசையில் இப்படி இரண்டு வகை உண்டு. குழந்தைக்குப் படித்துக் காட்டும் படக்கதையிலும் அப்படித்தான். எது எந்த வகை என்று குழந்தைக்கே பிடிபட வேண்டும்.

எரிக் கார்லின் ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’ (1969) இதற்கு வசதியான புத்தகம். திங்களன்று ஒரு ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என்று வெள்ளியன்று ஐந்து ஆரஞ்சு வரை புழு தின்கிறது. தின்ற இடத்தில் தாளிலேயே ஓட்டை. பழங்களை இடம் மாற்றினாலும் கதை நிற்கும். அது கேரட், பீன்ஸ் சங்கதி. சனிக்கிழமை கேக், ஐஸ்கிரீம், ஊறுகாய் என்று கண்டதையும் தின்று அன்றிரவே வயிற்றுவலி. மறுநாள் ஒரு பச்சை இலை தின்றதும் சரியாகிறது. இதை மாற்ற முடியாது. இதுதான் புளி.

படங்களை நகலெடுத்து, கலைத்துப்போட்டு, அடுக்கச் சொல்வது பள்ளிகளில் வழக்கம். சரியாக அடுக்கியதும் கைதட்டிவிட்டு நகர்ந்தால் பாதி வேலைதான். வயிற்றுவலிப் படத்தை வேண்டுமென்றே கேக்குக்கு முன்னால் வைத்து, “இப்படி வச்சா என்ன கண்ணு?” என்று கேட்டுப் பாருங்கள். “இன்னும் திங்கவே இல்லியே, எப்படி வலிக்கும்?” என்று பதில் வந்தால் காய் வெந்துவிட்டது. ‘முதல்ல’, ‘அப்புறம்’, ‘அதனால’ எல்லாம் இந்த வாக்குவாதத்தில் தானாக வந்து சேரும்.

இப்படி வரும் சொல் தங்குவதற்கு அதே கதையைத் திரும்பப் படிப்பது நல்ல வழி. சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெசிக்கா ஹார்ஸ்ட் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், புதுச் சொற்களை ஒரே கதையில் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள், அதே சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். கதை தெரிந்துவிட்டால் கவனம் சொல்லுக்குப் போகும் போலும். நமக்குத்தான் அலுப்பு, குழந்தைக்கு இல்லை.

ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்திப் பாடம் எடுத்தால் கதை ஆறிப்போகும். ஒரு வாசிப்புக்கு இரண்டு மூன்று போதும். அங்கே நிறுத்தி, “இது இலைதானே?” என்று கேட்டால் தலையாட்டலோடு முடியும். “என்ன பண்ணுது?” என்றால் வாய் திறக்கும். “புழு உள்ள போயிடுச்சு” என்று குழந்தை சொன்னால், திருத்தாமல், “ஆமா, கூடு கட்டி உள்ள போயிடுச்சு” என்று ஒன்றிரண்டு சொல்லைக் கூட்டித் திருப்பிக் கொடுங்கள்.